எழுதிக் கொடுத்தவன்

எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டம்மா. பெயர் பொன்னுலிங்கம். தகப்பனார் பெயர் சுடலைமுத்து. வயது எழுபது. ஊர் அருப்புக்கோட்டை. தொழில் என்கிற இடத்தில் போராளி என்று போடுங்கள். சிரிக்காதீர்கள். சரி, ஓய்வு பெற்ற மில் தொழிலாளி என்றே போடுங்கள். அங்க அடையாளம் கேட்க மாட்டீர்களா? அந்தக் காலத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி மச்சம் தேடுவார்கள்.

அந்தக் காகிதத்தை மறுபடியும் நீட்டாதீர்கள். வாசித்துவிட்டேன். ‘நான் பேருந்தில் வந்த பயணி. சாலை மறியலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தவறுதலாக அழைத்து வரப்பட்டேன். என்னை விடுவிக்க வேண்டுகிறேன்.’ நான்கே வரி. நான்கும் உண்மை, மறுக்கவில்லை. உண்மையாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று எங்காவது சட்டம் இருக்கிறதா? நான் பதினேழு தடவை கைதானவன். இதையும் சேர்த்தால் பதினெட்டு. ஒரு தடவைகூட எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததில்லை. அருப்புக்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மணி என்ன? மூன்றே காலா?

மதுரையில் ஐந்தே காலுக்கு ரயில். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான்கு மணிக்குள் இந்த மண்டபத்தை விட்டுக் கிளம்பினால் பிடித்துவிடலாம். நீங்கள் ஆறு மணிக்குத்தான் விடுவீர்கள், எனக்குத் தெரியும். மறியல் என்றால் வேன், கல்யாண மண்டபம், லெமன் சாதப் பொட்டலம், ஆறு மணிக்கு விடுதலை. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, இது மாறியதில்லை. மின்விசிறியைப் போட மாட்டேன் என்று மண்டபத்துக்காரன் சண்டை பிடிப்பதும் மாறியதில்லை. ஷட்டரையாவது பாதி தூக்கிவிடச் சொல்லுங்கள். அறுபது பேர் மூச்சு விடுகிறோம்.

எப்படி மாட்டினேன் என்றா கேட்கிறீர்கள்? பஸ் பூலாங்குளம் விலக்கில் நின்றது. முன்னால் பத்து வண்டி. மறியல் என்றார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய் வேறு பஸ் ஏறினார்கள். கண்டக்டரும் சொன்னான், “பெருசு, நடந்து தாண்டிருங்க, அந்தப் பக்கம் மதுரை வண்டி நிக்குது.” நான் அவனைப் பார்த்த பார்வையில் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். ஒரு மறியலை நான் தாண்டுவதா? உட்கார்ந்திருக்கிறவன் யார், எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் பிறகு. உட்கார்ந்திருக்கிறான் என்றால் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் ரயிலுக்கும் நேரமாகிறது. ஆகவே முறைப்படி அவர்கள் தலைவரைப் பார்த்து அனுமதி வாங்கலாம் என்று போனேன். தலைவரே இல்லை. எல்லாரும் பெண்கள். அவர்கள் ஊர் விலக்கில் பஸ் நிற்பதில்லையாம். “நிற்க வேண்டும், நிற்க வேண்டும், பேருந்து நிற்க வேண்டும்!” என்று நின்றுகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து முழக்கம் போடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “நிற்கிற வண்டியைப் பார்த்து நிற்க வேண்டும் என்றால் டிரைவர் என்னம்மா செய்வான்? ‘தினமும்’ என்று ஒரு சொல்லைச் சேருங்கள்” என்றேன். அந்த நீலச் சேலைக்காரம்மா, அதோ தூணில் சாய்ந்து தூங்குகிறார்களே, அவர்கள்தான், “அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க தாத்தா” என்றார்கள். நான் முழக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் வேன் வந்தது. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். நான் ஓடியதில்லை. எந்தக் காலத்திலும்.

வேனில் அந்தம்மாவே கேட்டார்கள், “தாத்தா, நீங்க எங்க ஊரே இல்லையே, எதுக்கு ஏறுனீங்க?” போலீஸ் வேன் என்றால் எனக்கு ஏறித்தான் பழக்கம் என்றேன்.

ரயிலில் போகிறவன் யார் என்று சொல்லவில்லையே. சந்தியாகு. எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மகள் ஸ்டெல்லா பூனாவுக்குத் தன்னோடு கூட்டிப் போகிறாள். திரும்பி வர மாட்டான், கடையை விற்றாயிற்று. நேற்று ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். “மாமா, அப்பா உங்களப் பாக்கணும்னு சொல்லல. நானாத்தான் வந்தேன். நாளைக்கு அஞ்சே காலுக்கு வண்டி” என்றாள். ஒரு சீட்டில் நம்பரும் எழுதிக் கொடுத்தாள். நானும் அவனும் பேசி நாற்பத்தாறு வருஷம் ஆகிறது ஏட்டம்மா. ஒரே தெருவில். அவன் கடை வாசலைத் தாண்டக் கூடாது என்று, பஸ் ஸ்டாண்டுக்குப் போக நான் பின் தெருவைச் சுற்றித்தான் போவேன். நாற்பத்தாறு வருஷம்.

தவறாக நினைக்காதீர்கள். வழியனுப்ப நான் போகவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்கு ஒரு கடைசி வாய்ப்புத் தரவே போகிறேன். அவன் எழுதிக் கொடுத்தவன்.

இருங்கள். அப்படி ஒரே சொல்லில் முடித்தால் உங்களுக்குப் புரியாது. முதலில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் மில்லில் மே மாதம் இயந்திரம் துடைப்பதற்குப் பத்து நாள் விடுவார்கள். மற்றவர்கள் மாமியார் வீட்டுக்குப் போவார்கள், குற்றாலத்துக்குப் போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் பிரச்சாரப் பயணம் போவோம். ஒரு சைக்கிள், ஒரு தகரக் குழாய், ஒரு கட்டுத் துண்டறிக்கை. எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டை விட்டு வெளியே போகும் அந்தப் பத்து நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் பஞ்சைத் தின்றுகொண்டு கிடந்தோம். சைக்கிள் சந்தியாகுவுடையது. அவன்தான் மிதிப்பான். நான் பின்னால் கட்டின்மேல் உட்கார்ந்து வருவேன். கொள்கையை விளக்கப் போகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டு போய் இறங்கக் கூடாது, இல்லையா? நியாயம்தானே? மேடு வந்தால் அவன் இறங்கித் தள்ளுவான். அப்போதும் நான் இறங்குவதில்லை, அறிக்கைக் கட்டு சரிந்துவிடும்.

முதல் வருஷம் சாயல்குடி வழியாகக் கடற்கரைக்குப் போனோம். நான் கடலைப் பார்த்ததே அன்றுதான். ஒரு மீனவர் ஊரில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். என் கன்னிப்பேச்சு. நான் எட்டாம் வகுப்புத்தான் ஏட்டம்மா, மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. அன்றைக்குக் கொடுத்த அறிக்கையை வரி விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். எங்கும் தடுக்கவில்லை. உழைப்பாளர் ஒற்றுமை, விலைவாசி, எல்லாம் முடிந்தது. அதே வேகத்தில் கையை உயர்த்தி, “அச்சிட்டோர் ஜோதி அச்சகம்! படிகள் இரண்டாயிரம்!” என்று முழங்கிவிட்டேன்.

கூட்டம் அப்படியே நிற்கிறது. இந்த சந்தியாகு என்ன செய்தான் தெரியுமா? தகரக் குழாயை வாயில் வைத்து, “ஜோதி அச்சகம்!” என்று கத்தினான். முந்நூறு பேரும் “வாழ்க!” என்றார்கள். “படிகள் இரண்டாயிரம்!” “வாழ்க!” ஊர்ப் பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஜோதியம்மாவையும் ஒரு தடவ கூட்டியாங்க தம்பி” என்றார். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அச்சகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் சட்டப்படி நடந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் மேடு ஏறும்போது, “படிகள் இரண்டாயிரம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, இரண்டு தடவை சைக்கிளைச் சாய்த்துவிட்டான். ஆனால் மில்லில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நல்ல கதை, வேறொருவனாக இருந்தால் சொல்லியிருப்பான்.

அடுத்த வருஷம் சாத்தூர்ப் பக்கம். ஒரு மந்திரி வெள்ளைக் காரில் வருகிறார், கறுப்புக் கொடி காட்டுங்கள் என்று சங்கத்தில் தகவல். கறுப்புத் துணிக்கு எங்கே போவது? சந்தியாகு தன் குடையைக் கிழித்துவிட்டான். ஓடைப் பாலத்தில் காத்திருந்தோம். தார் உருகும் வெயில். வெள்ளைக் கார் வந்தது. குறுக்கே பாய்ந்து, “திரும்பிப் போ! திரும்பிப் போ!” என்று கொடியை ஆட்டினேன். கார் நின்றது. உள்ளே பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகை. கல்யாண மாப்பிள்ளை. பின்னால் இரண்டு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார்.

மீசைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். “மாப்ளயத் திரும்பிப் போகச் சொல்ல நீ யார்ரா? பொண்ணுக்குப் பழைய ஆளா?” என்று என் சட்டையைப் பிடித்தார். நான் மனப்பாடம் செய்திருந்த அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. சந்தியாகு நடுவில் புகுந்தான். “மாமா, கோவிக்காதீங்க. மந்திரி வர்றார்னு நின்னோம். மாப்ளயோட தோரணையப் பாத்து இவர்தான்னு நெனச்சுட்டோம்” என்றான். மீசைக்காரர் காருக்குள் குனிந்து மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேனைப் பார்த்து, “ஏ, நம்ம பயல மந்திரினு நெனச்சுட்டாங்கப்பா!” என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், எங்களையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். முதல் பந்தி. நான் கொள்கை காரணமாகப் பாயசத்தை மறுத்தேன். இரண்டாவது தடவை மறுக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் சந்தியாகுவின் காதில், “இன்னுங்கொஞ்சம் கத்தியிருந்தா நெசமாவே திரும்பியிருப்பேன்” என்றாராம்.

மணி பாருங்கள். மூன்றரை தாண்டியிருக்குமே.

மூன்றாவது வருஷம்தான் கடைசி. வேறொரு ஊரில் மூடிக் கிடந்த மில்லைத் திறக்கச் சொல்லி மறியல். நாங்களும் போய் உட்கார்ந்தோம். இதே மாதிரி மண்டபம், இதே மாதிரி ஷட்டர். ஆறு மணிக்கு விடுவார்கள் என்று பார்த்தால் விடவில்லை. பதினைந்து நாள் ரிமாண்டு என்று கிளைச்சிறையில் தள்ளிவிட்டார்கள். நான்கு பேர் படுக்கும் அறையில் பதினோரு பேர். திரும்பிப் படுக்க வேண்டுமானால் பதினோரு பேரும் சொல்லிவைத்துத் திரும்ப வேண்டும். சன்னல் என்று ஒன்று இருந்தது, கையை நீட்டினால் சுவர். மூன்றாம் நாள் எனக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி சந்தியாகு கம்பியைத் தட்டித் தட்டி விரலெல்லாம் வீங்கிவிட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

நான்காம் நாள் அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். ‘இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன். எங்களை மன்னித்து விடுவிக்க வேண்டுகிறேன்.’ எழுதிக் கொடுத்துவிட்டு நடந்து வெளியே போய்விட்டான். நான் அங்கே தரையில் கிடக்கிறேன்!

என்னை? என்னையும் அன்றைக்கே விட்டார்கள். ஆனால் அது வேறு. அது நிபந்தனையற்ற விடுதலை. மக்கள் கொந்தளிப்புக்குப் பயந்து விட்டார்கள். சிறை அதிகாரியே என் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கிக் குதிரைவண்டியில் ஏற்றினாராம். எந்த மக்களா? மக்கள்தான். வாசலில் அன்று யார் இருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் நினைவு தப்பிக் கிடந்தேன். வண்டி பிடித்தவன் சந்தியாகுதான். அதனால் என்ன? பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கூட இருந்தவனும் அவன்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தான், துணி துவைத்தான். குற்ற உணர்ச்சி, வேறென்ன?

நினைவு வந்தபோது என் இடது கட்டைவிரலில் கறுப்பாக மை மாதிரி ஏதோ இருந்தது. இரண்டு நாள் தேய்த்தும் போகவில்லை. காமாலையில் நகம் கறுக்கும் என்று நர்ஸ் சொன்னார். நானாகக் கேட்டேன், ஆமாம் ஆமாம் என்றார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

எங்களை என்று எழுதியிருந்தான், என்னை என்று எழுதவில்லை, அதைத்தானே சொல்ல வருகிறீர்கள்? பதற்றத்தில் பன்மை விழுந்திருக்கும். அவன் இலக்கணம் எப்போதுமே மோசம். நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன்.

பேனா பிடிக்கக் கையில் தெம்பு வந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு துண்டறிக்கை எழுதினேன். ‘கருங்காலியை அடையாளம் காண்பீர்!’ நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று சங்கத்தில் இன்றும் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் காகிதத்தை அச்சகத்துக்குக் கொண்டு போனவன் யார் என்கிறீர்கள்? அவனையே அனுப்பினேன். மடித்துக் கொடுத்தேன், பிரித்துப் பார்க்காமல் கொண்டு போய்க் கொடுத்தான். அச்சாகி வந்த கட்டையும் அவனே சுமந்து வந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தான். அப்போது வாசித்திருப்பான். கஞ்சியை ஆற்றி, “குடி லிங்கம்” என்று கொடுத்துவிட்டுப் போனான். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

சங்கத்தில் அவனை நீக்கினோம். மில்லில் ஒருவரும் அவனோடு டீ குடிப்பதில்லை என்று முடிவு. ஒரு வருஷம் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு சைக்கிள் கடை போட்டான். ஒரு வார்த்தை அவன் மறுத்துச் சொல்லியிருந்தால் நான் விசாரணைக் குழு வைத்திருப்பேன். சொல்லவில்லையே. பிறகு எத்தனை போராட்டம் நடந்தது, கடை வாசலிலேயே ஊர்வலம் போகும், கையில் ஸ்பேனரோடு நின்று பார்ப்பான், ஒரு அடி கூட வர மாட்டான். எழுதிக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறானாம்! நான் மேலும் பதினாறு தடவை கைதானேன்.

இல்லை ஏட்டம்மா. பின் கதவு திறந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனம். காவலில் இருந்து நழுவியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். காகிதமும் வேண்டாம். நாற்பத்தாறு வருஷமாக எழுதிக் கொடுத்தவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு அவனைப் பார்க்கப் போவதற்காக நானே எழுதிக் கொடுத்தால், அப்புறம் நான் யார்? இந்த ஷட்டரை நீங்கள் திறந்துவிடலாம். அந்த வழி எனக்கு இல்லை.

நான்காகப் போகிறதா?

சரி, ஒன்று செய்யுங்கள். என் செல்போன் சார்ஜ் போய்க் கிடக்கிறது. இந்தாருங்கள், ஸ்டெல்லா கொடுத்த சீட்டு. உங்கள் போனில் கூப்பிட்டு நான் சொல்கிறபடி சொல்லுங்கள். ‘தோழர் பொன்னுலிங்கம் மக்கள் போராட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஆகவே ரயில் நிலையம் வர இயலவில்லை. பயணம் நலமாக அமையட்டும்.’ அவ்வளவுதான். தோழர் என்பதை விட்டுவிடாதீர்கள்.

மணி அடிக்கிறதா? யார், ஸ்டெல்லாவா? அவனேவா எடுத்தான்? வேண்டாம், என்னிடம் நீட்டாதீர்கள், நீங்களே பேசுங்கள். சொல்லுங்கள்... ம். ஏன் நீங்கள் சிரிக்கிறீர்கள்? அவன் சிரிக்கிறானா? என்னவாம்?

சாப்பிட்டேனா என்றா கேட்கிறான்? லெமன் சாதம் என்று சொல்லுங்கள். பாதிதான் சாப்பிட்டேன் என்று எதற்குச் சொல்கிறீர்கள்? அதைச் சொல்லச் சொன்னேனா?

எந்த மண்டபம் என்று எதற்குக் கேட்கிறான்? சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்களா? என்ன? ஆட்டோவா? இங்கே வருகிறானா? அவன் வந்து எழுதிக் கொடுத்து என்னைக் கூட்டிப் போகிறானாம்! ரயில்? ரயில் நாளைக்கும் இருக்கிறதாமா? ஸ்டெல்லா திட்டுகிறாள், கேட்கிறது, எனக்கே கேட்கிறது. நெஞ்சைக் கீறித் தைத்துக்கொண்டவன் இந்த வெயிலில் ஆட்டோவில் வந்து... அவனுக்கு அறிவிருக்கிறதா?

வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். இன்னொரு தடவை அவன் எனக்காக எழுத வேண்டாம்.

என்ன சொன்னேன்? இன்னொரு தடவை என்றா? வாய் தவறியிருக்கும்.

கொடுங்கள் அந்தப் பேனாவை. காகிதத்தையும்தான், எங்கே வைத்தீர்கள்? பெறுநர் யார், இன்ஸ்பெக்டரா? நீங்கள் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும். போனை வைத்துவிடாதீர்கள். சந்தியாகுவை ரயில் ஸ்டேஷனிலேயே, நிழலாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். லிங்கம் வருகிறான் என்று சொல்லுங்கள், தோழர் வேண்டாம், லிங்கம் என்றே சொல்லுங்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.